சொத்தவிளை – மணக்குடி மணலில் ஃபோர் வீல் டிரைவ்: காற்று எவ்வளவு, தூண்டில் எப்படி?

வேர்க்கிளம்பி_தார்:
அண்ணன்மாரே, ஜனவரியில நாலு பேர், ஒரு மஹிந்திரா தார் டீசல் ஜீப், ஒரு ராத்திரி. குமரி மாவட்டத்துச் சொத்தவிளைக்கும் மணக்குடிப் பொழிமுகத்துக்கும் (பழையாறு கடல்ல சேருற வாய்) நடுவுல ஆளில்லாத இடமாப் பார்த்துக் கூடாரம் அடிச்சுத் தூண்டில் போடணும். டயர்ல ரோட்டுக்கு 30 பி.எஸ்.ஐ. காத்து வைக்கிறேன். மணலுக்கு எவ்வளவு? தண்ணி ஓரமா ஈரமணல்ல ஓட்டினா புதையாதுங்கிறாங்களே, சரியா?

மணல்மேடு:
16 முதல் 18 போதும். கேஜ் வச்சு இறக்குங்க, கண்மதிப்பு ஏமாத்தும். 12-க்குக் கீழே போய் ஸ்டீயரிங்கை ஒடிச்சா டயர் ரிம்மை விட்டுக் கழன்றுரும். ரோடு ஏறினதும் கம்ப்ரசர் போட்டு 30 ஆக்கிட்டுத்தான் வேகம்.

மணல் தொடங்குமுன்னேயே ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கிற கியர்) போட்டுருங்க. ஈ.எஸ்.பி.யை (வழுக்கலைத் தடுக்கிற மின்னணு அமைப்பு) அணைச்சிருங்க, இல்லைன்னா சக்கரம் வழுக்கும்போது அதுவே இழுவையைக் குறைச்சு நிறுத்திரும். நிக்கணும்னா பிரேக்கை மிதிக்காம, ஆக்சிலேட்டரை விட்டு இறக்கம் பார்த்து நிறுத்துங்க. சக்கரம் சும்மா சுத்துதா, உடனே காலை எடுங்க. இன்னொரு மிதி மிதிச்சா ஆக்சில் மணல்ல உக்காந்துரும். மணலை வாரிட்டு, வந்த தடத்துலயே பின்னால எடுக்கணும். தென்னமட்டை கொடுத்தா டயர் பிடிக்கும். ஜாக்கிக்கு அடியில அகலமான பலகை இல்லாமப் போகாதீங்க. இழுவைக் கயிறை டோ-பால்ல (டிரெய்லர் மாட்டுற உருண்டை) மாட்டவே கூடாது, தெறிச்சா ஆளைக் கொல்லும்.

ஈரமணல் கதை நம்ம கரைக்கு ஆகாது. இங்க கரை செங்குத்தா இறங்கும், வண்டி கடல் பக்கமா நழுவும். நின்னுட்டா ஒவ்வொரு அலையும் டயருக்கு அடியில மணலை வாரிட்டுப் போகும். பொழிமுகம் இன்னும் மோசம்: மேல காய்ஞ்சு தெரியும், அடியில பழையாத்துத் தண்ணி ஊறிக் கிடக்கும்.

கடற்கரைப்_பேரன்:
கடல் ஏற்றவற்ற அட்டவணையை நம்பி இடம் பார்க்காதீங்க மக்கா. இங்க அது ஒரு மீட்டருக்குள்ளதான், அலைதான் கணக்கு. கள்ளக்கடல்ங்கிற திடீர்ப் பேரலை எங்கேயோ தெற்கே புயல்ல கிளம்பி, இங்க காத்தே இல்லாதப்ப வந்து ஏறும். 2024 மே 6 லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்களை அலை இழுத்து உயிர் போனது அந்த எச்சரிக்கை இருந்த நாள்லதான். ஜனவரியில குறைவு, ஆனாலும் கிளம்புமுன்ன இன்காய்ஸ் (கடல் எச்சரிக்கை விடுற மத்திய அரசு மையம்) அறிவிப்பைப் பாருங்க. சருகும் தக்கையும் ஒதுங்கிக் கிடக்கிற வரிக்கு நல்லா மேலதான் கூடாரம். முளை நிக்காது, சாக்குல மணல் நிரப்பிப் புதைச்சுக் கட்டுங்க.

ஜனவரி ஆமை முட்டையிடுற காலம். ராத்திரி மேல்மணல்ல வண்டி ஓட்டுறதே தப்பு, கடலைப் பார்த்து வெள்ளை லைட்டும் அடிக்கக் கூடாது. என்னைக் கேட்டா தடம் முடியுற இடத்துல வண்டியை விட்டுட்டுச் சாமானைச் சுமந்து நடங்க. கரமடி (கரையில நின்னு இழுக்கிற பெரிய வலை) இழுக்கிற இடத்தை ஊர்ல கேட்டுத் தவிர்த்திருங்க.

தங்கூசி:
12 அடி ராட், 6000 ரீல், 30 பவுண்டு தாங்குற பிரெய்டு (பின்னல் நூல்), முன்னால ராட் நீளத்துக்கு ரெண்டு மடங்கு 50 பவுண்டு தங்கூசி (நைலான் நூல்). அது இல்லாம 120 கிராம் ஈயத்தை ஓங்கி எறிஞ்சா அறுந்து பறக்கும். இரைக்கு இறாலும் கணவாய்க் கீற்றும். சாளை மெது, நூல் சுத்தாம எறிஞ்சா கழன்றுரும். கிழங்கான் மீன் கரையோரத்துலயே கிடக்கும், ரொம்ப தூரம் எறியாதீங்க. விடியல்ல பாரை, பொழிமுகத்துல கொடுவா.

கெளிறு மீனோ திருக்கையோ குத்தினா, தாங்குற அளவு சூடான தண்ணியில அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வச்சா வலி இறங்கும். அடுப்பை அணைக்குமுன்ன ஒரு ஃபிளாஸ்க் நிரப்பி வைங்க. முள் உள்ளே ஒடிஞ்சிருந்தா நோண்டாம ஆசுபத்திரி.

வேர்க்கிளம்பி_தார்:
அப்போ வண்டியை மேலேயே விடுறேன். உப்புக்கு என்ன செய்ய?

மணல்மேடு:
மேலேயே நின்னாலும் உப்புக்காத்து விடாது. அன்னைக்கே அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிங்க: சேசிஸ் உள்பக்கம், ஸ்பிரிங், பிரேக். அடிச்சதும் கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக்கை மிதிச்சுக் காயவிட்டு நிறுத்துங்க, இல்லைன்னா காலையில டிஸ்க்ல துரு பிடிச்சு நிக்கும்.