ஜியோரெஃபரன்சிங்: 'புவிசார் குறியிடல்' சரிவருமா?

பொருள்: ஒரு சொல் வேண்டும், திங்களுக்குள்

நண்பர்களுக்கு வணக்கம்.

மேல்நிலைப் புவியியல் ஆசிரியர்களுக்கான கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) செய்முறைக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. லேயருக்கு 'அடுக்கு' என்று வைத்தாயிற்று. ராஸ்டரையும் வெக்டரையும் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிட்டேன். ஜியோரெஃபரன்சிங்கில்தான் வேலை நிற்கிறது.

பழக்கமில்லாதவர்களுக்காக: ஸ்கேன் செய்த டோப்போ ஷீட் (மேடுபள்ளம், ஆறு, சாலை காட்டும் நில அளவை வரைபடத் தாள்) கணினிக்கு வெறும் படம். அதில் மதுரை எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது. படத்தில் சில புள்ளிகளைச் சொடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய தீர்க்கரேகை, அட்சரேகை மதிப்பைக் கொடுத்தால், முழுப் படமும் பூமியில் தனக்குரிய இடத்தில் போய் உட்காரும். இந்தச் செயலுக்குப் பெயர் வேண்டும். கைக்கு வந்த வரைவில் 'புவிசார் குறியிடல்' என்று இருக்கிறது. அப்படியே விடலாமா?

– மு., திருச்சி

மறு: ஒரு சொல் வேண்டும்

விடக் கூடாது, அம்மா. 'புவிசார் குறியீடு' என்றால் இன்று நாளிதழ் படிக்கும் எவருக்கும் மதுரை மல்லியும் காஞ்சிபுரம் பட்டும்தான் நினைவுக்கு வரும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பொருள்களுக்குத் தரும் பதிவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 'குறியீடு', 'குறியிடல்' என்ற சிறு வேறுபாட்டை நம்பி மாணவரை விட முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முகவரியைக் கொடுத்து இடத்தைப் பெறுவது ஜியோகோடிங். கைப்பேசியில் எடுத்த படத்தோடு எடுத்த இடமும் பதிவாவது ஜியோடேக்கிங். 'குறி' என்ற வேர் இந்த இரண்டுக்கும்தான் இயல்பாகப் பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அவற்றுக்கு என்ன செய்வீர்கள்?

– வே., மதுரை

மறு: ஒரு சொல் வேண்டும்

வகுப்பில் நடப்பதை முன்வைத்துச் சொல் தேடுவோம். மதுரை இருக்கும் 58 கே/1 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு விளிம்பு 78°00′, கிழக்கு 78°15′, தெற்கு 9°45′, வடக்கு 10°00′. 1:50,000 அளவில் இதன் உயரம் ஏறத்தாழ 55 செ.மீ. ஏ3 ஸ்கேனரில் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் ஒட்டிய இடத்தில் கோடு முறியும். சுருளாக வாங்கும் ஸ்கேனர் உள்ள நகலகத்தில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுப்பதே நல்லது. அப்போது ஒரு பிக்சல் நிலத்தில் 4.2 மீட்டர். கைப்பேசிப் படம் வேண்டவே வேண்டாம். விளிம்புக் கோடுகள் வளைந்துவிடும்.

கியூஜிஐஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் ஜியோரெஃபரன்சர் லேயர் மெனுவில் இருக்கிறது. பழையவற்றில் ராஸ்டர் மெனுவில். எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகை, ஒய் கட்டத்தில் அட்சரேகை. 'அட்சம், தீர்க்கம்' என்றே வாயில் பழகியிருப்பதால் பாதி வகுப்பு மாற்றிப் போடும்.

அதைவிடப் பெரிய தொல்லை 78°15′ என்பதை 78.15 என்று அடிப்பது. அது 78.25. இந்த 0.10 பாகை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். 9°45′ஐ 9.45 என்று அடித்தால் 33 கிலோமீட்டர். நான்கு மூலையிலும் இதே தவற்றை ஒரே சீராகச் செய்தால் படத்தை நீட்டிச் சுருக்கி இருத்தும் கணக்கான முதல்படிப் பல்லுறுப்புக் கோவை அதற்கும் இசைந்துவிடும். படம் அகலத்தில் சுருங்கி, உயரத்தில் இருமடங்குக்கு மேல் இழுபட்டிருக்கும். புள்ளிகள் எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் பிழைக் கட்டம் மட்டும் சுழியத்தை ஒட்டிய எண்ணைக் காட்டும். மூன்றே புள்ளி கொடுத்தாலும் அப்படித்தான், பிழை எப்போதும் சுழியம். ஆகவே 5′ கோடுகள் வெட்டும் 16 இடங்களில் ஒன்பதையாவது சொடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தை அடியில் வைத்து, வைகைப் பாலமும் ரயில் பாதையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லக் காரணம், இந்தச் செயலின் உயிர் குறிப்பதில் இல்லை, பொருந்துகிறதா என்று பார்ப்பதில் இருக்கிறது. என் முன்மொழிவு புவிப்பொருத்தல். 'படத்தைப் பொருத்தியாச்சா?' என்று வகுப்பில் வாய்விட்டுக் கேட்கலாம். பொருத்திய படம், பொருத்தாத படம், பொருத்தப்புள்ளி, பொருத்தப்பிழை என்று குடும்பமே கிடைக்கும்.

– த., திண்டுக்கல்

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே, 'பொருத்தல்' ஏற்புடையது. 'புவி' ஏன்? வடமொழியில் 'பூ' என்னும் சொல்லின் ஏழாம் வேற்றுமை வடிவமே 'புவி'. 'பூமியில்' என்று பொருள். நமக்கு நிலம் இருக்கிறது, ஞாலம் இருக்கிறது, வையம் இருக்கிறது. ஞாலுதல் என்றால் தொங்குதல். வெளியில் தொங்குவது ஞாலம் என்று சொல்லாய்வாளர் சிலர் காட்டுவர். கோளத்தின் மீது தாளை இருத்தும் கலைக்கு இதைவிடப் பொருளுள்ள சொல் ஏது? ஞாலப்பிணிப்பு என்று சொல்லிப் பாருங்கள். முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று வகுத்த மரபில், இடத்தைச் சுட்டக் கடன்சொல் வாங்க வேண்டிய தேவையில்லை.

புவிதான் வேண்டும் என்றால் ஒற்றையாவது விட்டுவிடாதீர்கள். 'புவிபொருத்தல்' என்று எழுதினால் இரண்டாம் வேற்றுமைத் தொகையாகிப் புவியைப் பொருத்துவது என்றாகிவிடும். பொருத்தப்படுவது படம், பொருந்தும் இடம் புவி. ஒற்று மிக வேண்டும்.

– புலவர் க.

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

புலவர் ஐயா, ஒற்றைப் பற்றிச் சொன்னது கையேட்டுக்கு உடனே பயன்படும், நன்றி. ஆனால் 'பிணி' என்றதும் மாணவருக்கு நோய்தான் முதலில் தோன்றும். பாடத்தின் பெயரே புவியியல் என்று இருக்கும்போது, அதன் ஒரு செய்முறைக்கு மட்டும் ஞாலம் என்றால் தொடர்பு அறுந்துவிடும். நீங்கள் சொன்ன வேரே இந்தச் சொல்லுக்குச் சான்று ஆகிறது: 'பூமியில்' என்ற பொருளை உள்ளே வைத்திருக்கும் 'புவி', 'புவியில் பொருத்தல்' என்ற விரிவுக்கு நன்றாகவே இசைகிறது.

– த.

மறு: ஒரு சொல் வேண்டும் / ஆள்கூறு

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இலங்கையில் நாங்கள் தேசப்படம், இடவிளக்கப்படம், அகலாங்கு (அட்சரேகை), நெட்டாங்கு (தீர்க்கரேகை) என்று படித்தவர்கள். நீங்கள் கோட்டுச்சட்டம் (புரொஜெக்ஷன்) என்பது எங்களுக்கு எறியம். நீங்கள் ஆயத்தொலை (இடத்தைச் சுட்டும் எண்கள்) என்பது எங்களுக்கு ஆள்கூறு. கையேடு இரு கரைக்கும் பயன்பட வேண்டும் என்றால், செயலின் பெயரில் ஆள்கூறு இருப்பதே சரி என்பது என் எண்ணம்: ஆள்கூற்றிணைப்பு. ஏனென்றால் எல்லாத் தாளும் பாகையில் பொருத்தப்படுவதில்லை.

இலங்கையின் 1:50,000 தாள்களில் மீட்டர்க் கட்டம் இருக்கிறது. பழைய கட்டத்தில் பீதுருதாலகால மலைக்கு 200000, 200000 என்று மதிப்பு. 1999ஆம் ஆண்டுக் கட்டத்தில் அதே மலைக்கு 500000, 500000. பழைய தாளில் உள்ள எண்ணை வாசித்து, மென்பொருளில் புதிய கட்டத்தைத் (பட்டியலில் அதன் எண் 5235) தெரிவு செய்தால், படம் 300 கிலோமீட்டர் மேற்கேயும் 300 கிலோமீட்டர் தெற்கேயும் நகரும். யாழ்ப்பாணத் தாள் கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் கிடக்கும். பழையதற்கு 5234. புவி என்ற பொதுச்சொல் இந்த எச்சரிக்கையைத் தராது, ஆள்கூறு தரும்.

– சி., யாழ்ப்பாணம்

மறு: ஆள்கூறு

சி. சொல்வது தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். பாகையில் எண்ணைக் கொடுத்துவிட்டு, இலக்கு அமைப்பாக 3857ஐ (மீட்டரில் அளக்கும் இணைய வரைபட அமைப்பு) விட்டுவைத்தால், மென்பொருள் 78.25ஐ மீட்டராக எடுத்துக்கொள்ளும். மதுரை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில், ஒரு வீட்டுமனை அளவுகூட இல்லாமல் சுருங்கிப் போய் இருக்கும். படத்தைக் காணவில்லை என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். யூடிஎம் (உலகை 6° மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) என்றால் 78° கோடு மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கோவையும் திருநெல்வேலியும் 43ஆம் மண்டலம் (32643), மதுரையும் திருச்சியும் 44 (32644).

ஆனால் 'ஆள்கூற்றிணைப்பு' என்று பெயர்ப்பலகையில் வைத்தால் தமிழ்நாட்டு மாணவருக்கு 'ஆள்' மனிதனாகத் தெரியும். ஆட்களைக் கூறுபோடுவதா என்று கேட்பார்கள். ஆளுதல் என்ற வினையிலிருந்து விளக்கலாம் என்றாலும், ஒவ்வொரு வகுப்பிலும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

– வே.

மறு: ஆள்கூறு

ஆயத்தொலையை மட்டும் அவர்கள் விளக்கம் இல்லாமலா புரிந்துகொண்டார்கள்? 'ஆயம்' என்றால் தோழியர் கூட்டமும் ஆகும், வரியும் ஆகும். கணக்குப் பாடத்தில் பழகியதால் உறுத்தவில்லை. பழக்கம்தான் எளிமையாகத் தெரிகிறது. இது எங்கள் சொல்லுக்கும் பொருந்தும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

– சி.

மறு: மறு: ஆள்கூறு

இது நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியாமல்தான் எல்லோரும் பேசாமல் இருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

'நிலப்பொருத்தம்' என்று ஒருவர் தனிமடலில் பரிந்துரைத்தார். மனையடி பார்ப்பது போல ஒலிக்கிறது. 'பொருத்தம்' என்று பெயராக நின்றாலே சாதகப் பொருத்தம் முந்திக்கொள்கிறது. 'பொருத்தல்' என்று வினை தெரிய நின்றால் அந்தச் சாயல் இல்லை. தலைப்பில் '-அல்' ஈற்றையே வைக்கலாம்.

– த.

மறு: திங்களுக்குள்

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், பக்கத்தைப் பூட்டுகிறேன். அத்தியாயத் தலைப்பு 'புவிப்பொருத்தல்', ஒற்று மிகுந்து. முதல் முறை வரும்போது பக்கத்தில் ஜியோரெஃபரன்சிங் என்றும் இருக்கும். ஆய்வகக் கணினியில் ஆங்கில மெனுதான் இருப்பதால் அந்த ஒலி ஆசிரியருக்குத் தேவை. அமைப்பைத் தெரிவு செய்யும் பகுதியில் 'ஆயத்தொலை (ஆள்கூறு)' என்று இரண்டையும் போடுகிறேன். ஜியோகோடிங்கைத் தொடவில்லை.

– மு.

மறு: திங்களுக்குள்

பெரும்பான்மை முடிவுக்கு இசைகிறேன். 'புவி'க்கு என் மறுப்பு மடற்குழுப் பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பில் 'நிலம்பொருத்தல்' என்று மெலிந்த ஒற்றோடு எழுதலாமா என்று கேட்பேன்.

– புலவர் க.

மறு: திங்களுக்குள்

அம்மா, பூட்டுவதற்கு முன் ஒரு திருத்தம். கையேட்டின் நான்காம் படியில் எல்லாத் தாளுக்கும் 4326 (டபிள்யூஜிஎஸ் 84 பாகை அமைப்பின் எண்) என்று இருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் திறந்த வரிசைத் தாள்களுக்கு அது சரி. அவை ஜிபிஎஸ் பயன்படுத்தும் அதே டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையில் வந்தவை. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தில் (பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கு) அமைந்தவை. அவற்றின் மூலை மதிப்பை 4326 என்று கொடுத்தால் ஊர், ஆறு எல்லாமே நூறு மீட்டருக்கு மேல் ஒரே திசையில் விலகி நிற்கும், பிழைக் கட்டமோ ஒன்றும் சொல்லாது. அவற்றுக்கு 4146, அதாவது கல்யாண்பூர் 1975, என்று போட வேண்டும். தாளின் அடி ஓரக் குறிப்பைப் படித்துவிட்டு எண்ணைத் தெரிவு செய்யச் சொல்லும் ஒரு வரியை அந்தப் படியிலேயே சேர்த்துவிடுங்கள். டேட்டம் (இப்படி அளவுக்கு அடிப்படையாக வைக்கும் பூமி மாதிரி) என்பதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? 'தரவு' என்று மட்டும் அச்சாகிவிட வேண்டாம்.

– வே.