பெரிய சப் ஒண்ணா, 12 அங்குலம் ரெண்டா?

இரவுநேரம்:
அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். போர்ட் (காத்து போகிற துளை) வச்ச 12 அங்குல சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் ஒண்ணு முன்பக்க மூலையில இருக்கு. சோபால மூணு பேர் உட்கார்ந்து படம் பார்ப்போம். நடுவுல எனக்கு பேஸ் மெலிஞ்சு போகுது. சுவரோரம் இருக்கிற தங்கச்சிக்கு அதே காட்சியில காது அடைக்குது. இதை வித்துட்டு 15 அங்குலம் ஒண்ணு வாங்கலாமா, இல்ல இதோட இன்னொரு 12 சேர்க்கலாமா? சீல்டு (துளையில்லாம மூடின) பெட்டி ஒண்ணு மலிவா வருது.

கல்தூண்:
15 வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம். அதே சத்தத்தோட ஒரு ஆக்டேவ் (பாதி அதிர்வெண்ணுக்கு) கீழே இறங்கணும்னா ஸ்பீக்கரோட கூம்பு நாலு மடங்கு அசையணும். சின்ன ஸ்பீக்கர் அங்கேதான் திணறும். ரெண்டு சப் வாங்கி ரெண்டையும் ஒத்துப்போக வைக்கிறதுக்குள்ள பாதி பேர் வெறுத்துப்போய் ஒண்ணை வித்துடறாங்க.

அலைவரிசை:
பரப்பைப் பற்றி என்றால் கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12 அங்குலம் இரண்டு: 144 + 144 = 288. 15 அங்குலம் ஒன்று: 225. அதிகம் காற்றைத் தள்ளுவது இரண்டுதான்.

ஆனால் அவர் சத்தம் போதவில்லை என்று கேட்கவில்லையே. ஒரே சோபாவில் இருவருக்கு இரண்டு விதமாகக் கேட்கிறது என்கிறார். அது அறையின் வேலை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பி, சில அதிர்வெண்களில் அறையே அதிரும். 4 மீட்டர் அகலத்துக்கு அதில் முதல் அதிர்வு, ஒலியின் வேகத்தை (நொடிக்கு 343 மீட்டர்) அகலத்தின் இருமடங்கால் வகுத்தால், 343 ÷ 8, அதாவது ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வு சுவரோரம் உச்சத்தில் இருக்கும், அறையின் நடுவில் இருக்கவே இருக்காது. மூலையில் 15 வைத்தாலும் 18 வைத்தாலும் இதேதான். 2002இல் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி செவ்வக அறைகளில் சப்களைப் பலவிதமாக அமைத்து ஆராய்ந்தார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே சீட்டுக்குச் சீட்டு வேறுபாடு நன்றாகக் குறைகிறது. நான்கைத் தாண்டினால் பெரிய ஆதாயம் இல்லை.

கல்தூண்:
அந்த 43 ஹெர்ட்ஸுக்கு ரெண்டாவது சப்பே தேவையில்லை. மூலையில இருக்கிறதை முன்சுவரோட நடுவுக்கு நகர்த்துங்க. அகலவாக்கு அதிர்வு அங்கே பூஜ்யம்னு நீங்கதானே சொல்றீங்க? பூஜ்யத்துல இருந்து தள்ளினா அது எழும்பாது. மூணு பேரும் ஒரே வரிசை, அதனால நீளவாக்கு அதிர்வு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும். அதை ஈக்வலைசர் (ஒவ்வொரு அதிர்வெண்ணோட சத்தத்தையும் தனியா கூட்டிக் குறைக்கிறது) போட்டு அடக்கிடலாம்.

அலைவரிசை:
முன்சுவர் யோசனை முழுக்கச் சரி, முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். ஈக்வலைசர் மேட்டை, அதாவது சத்தம் கூடும் இடத்தை அடக்கும், அதுவும் சரி. சத்தம் குறையும் பள்ளம் இருந்தால்? 10 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப் பத்து மடங்கு பவர் தர வேண்டும், பள்ளம் அப்படியே நிற்கும். சோபாவுக்கும் பின்சுவருக்கும் எவ்வளவு தூரம்?

பெட்டிதட்டி:
நடுவுல ஒரு எச்சரிக்கை. போர்ட் பெட்டியையும் சீல்டு பெட்டியையும் கலக்காதீங்க. போர்ட்டோட டியூனிங்குக்குக் (அது ஒத்திசைக்கிற அதிர்வெண்ணுக்கு) கீழே ஒண்ணோட ஃபேஸ் (அலையோட ஏற்ற இறக்க நிலை) இன்னொண்ணுக்கு ஏறக்குறைய 180 டிகிரி எதிரா போகும். எந்த இடத்துல ஆழம் வேணும்னு காசு கொடுத்தோமோ அங்கேயே ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். வாங்கினா அதே மாடல் வாங்குங்க. வேற வேற சப் கலந்து அளந்து சரிக்கட்டுறவங்களும் இருக்காங்க, ஆனா முதல் தடவையே அந்த வம்பு வேண்டாம்.

இரவுநேரம்:
நேத்து முன்சுவர் நடுவுக்கு நகர்த்தி, மைக் வச்சு ரூம் ஈக்யூ விசார்ட்ங்கிற ஒலி அளக்கிற மென்பொருள்ல அளந்தேன். 43ல எனக்கும் தங்கச்சிக்கும் 14 டெசிபெல் வித்தியாசம் இருந்தது, இப்போ 4தான். கல்தூண் அண்ணாவுக்கு நன்றி. ஆனா மூணு சீட்டுலயும் 37 பக்கத்துல ஒரு குழி விழுது. பின்சுவர் 2.3 மீட்டர்ல இருக்கு. கதவு இருக்கிறதால சோபாவை நகர்த்த முடியாது.

அலைவரிசை:
343 ÷ (4 × 2.3) = 37. பின்சுவரில் மோதித் திரும்பும் அலை, போகவர 4.6 மீட்டர் சுற்றி, நேர் அலைக்கு அரை அலைநீளம் பிந்தி வருகிறது. சத்தத்தைக் கூட்டினால் திரும்பி வருவதும் அதே அளவு கூடும், அதனால்தான் ஈக்வலைசர் இங்கே உதவாது. பின்சுவரின் நடுவில் அதே மாடல் ஒன்றை வையுங்கள். நீளவாக்கின் முதல் அதிர்வு 34 ஹெர்ட்ஸ். இரண்டு முனைகளிலும் சேர்ந்து தள்ளினால் அது கிளம்பவே கிளம்பாது, 37இல் உள்ள குழியும் நிரம்பும்.

கல்தூண்:
சோபா நகராதுன்னா இதை மறுக்க எனக்கு வழியில்லை. நகர்த்த முடிஞ்சா ஒரு சப் போதும்னுதான் இப்பவும் சொல்வேன். முன்சப்பை விட பின்சப் சீட்டுக்கு 40 சென்டிமீட்டர் பக்கத்துல இருக்கு, அதுக்கு 1.2 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்) போட்டு சீட்டுல ஒண்ணா சேர வைங்க.

அலைவரிசை:
வேண்டாம். முனைகள் இரண்டும் ஒரே கணத்தில் தள்ளினால்தான் அந்த அதிர்வு அடங்கும். 1.2 மில்லிசெகண்ட் என்பது 37 ஹெர்ட்ஸில் 16 டிகிரிதான், காதுக்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே கெயின் (சத்த அளவு), ஒரே போலாரிட்டி (கூம்பு தள்ளும் திசை), டிலே பூஜ்யம். ஈக்வலைசரை இரண்டுக்கும் பொதுவாக, கடைசியில் போடுங்கள்.

இரவுநேரம்:
அதே மாடல் ஆர்டர் போட்டாச்சு. டிலே இல்லாம ஒரு தடவை, 1.2 போட்டு ஒரு தடவை, மூணு சீட்டுலயும் அளந்து ஆறு வளைகோட்டையும் இங்கே போடறேன்.