ஜெர்மனில சாங்க்ட் லியோன்-ரோட் கோர்ஸ்: ஹேண்டிகேப் 20 வச்சுக்கிட்டு போலாமா?

நந்தனம்_பார்3:
எல்லாருக்கும் வணக்கம். ஆஃபீஸ் வேலையா மே கடைசில வால்டார்ஃப் போறேன், எஸ்ஏபி ஹெட் ஆஃபீஸ் இருக்கிற ஊர். பக்கத்துலயே சாங்க்ட் லியோன்-ரோட் கோல்ஃப் கிளப் இருக்கு. டைகர் உட்ஸ் 1999, 2001, 2002னு மூணு தடவை ஜெயிச்ச இடம், 2015ல சோல்ஹைம் கப் (அமெரிக்கா-யூரோப் பெண்கள் டீம் போட்டி) நடந்ததும் அங்கதான். இவ்ளோ பக்கத்துல போயிட்டு ஒரு ரவுண்டு ஆடாம திரும்பறதுக்கு மனசே வரல. ஆனா நான் ஆடறதெல்லாம் நந்தனம் காஸ்மோல, எப்பவாவது ஊட்டி, ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 20 கிட்ட, அதாவது பாரைவிட (கோர்ஸ் எதிர்பாக்கற ஷாட் கணக்கு) 20 ஷாட் கிட்ட கூட. சாம்பியன்ஷிப் கோர்ஸ்னதும் கூட ஆடறவங்க எல்லாம் வேணாம்டாங்கறாங்க. ரசிச்சு ஆட முடியுமா, இல்ல பந்து தேடியே பொழுது போயிடுமா? பேக் தூக்க கேடி கிடைப்பாங்களா? என்ன பேப்பர் கேப்பாங்க?

மான்ஹைம்ல_அடையார்காரன்:
தாராளமா போங்க ப்ரோ, யார் சொன்னாலும் விட்டுடாதீங்க. மொதல்ல பேப்பர் விஷயம். இந்த ஊர்ல காசு கட்டினா மட்டும் கோர்ஸ்ல எறங்கிட முடியாது, புதுசா கத்துக்கறவங்களே ப்ளாட்ஸ்ரைஃபன்னு ஒரு டெஸ்ட் பாஸ் பண்ணணும். வெளியூர்லேர்ந்து வர்றவங்க கிட்ட கிளப் மெம்பர்ஷிப்பும் ஹேண்டிகேப் சர்டிஃபிகேட்டும் கேப்பாங்க, இங்க நெறைய கிளப்ல கெஸ்ட்டுக்கு இவ்ளோ ஹேண்டிகேப்புக்குள்ள இருக்கணும்னு லிமிட் இருக்கு, வீக்கெண்ட்ல இன்னும் கறார். அதனால கெளம்பறதுக்கு முன்னாடியே கிளப்புக்கு ஒரு மெயில் போட்டு டீ டைம் (ஆட்டம் ஆரம்பிக்கற நேரம்) கேட்டுடுங்க, வீக்டேல சாயங்காலமா பாருங்க, ஜூன் பக்கத்துல ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், ஆஃபீஸ் முடிச்சுட்டே ஆடலாம்.

கேடியை மறந்துடுங்க. நம்ம ஊர்ல கேடி அண்ணன் லைன் சொல்லுவாரு, பந்து எங்க விழுந்துச்சுன்னு பாத்து வைப்பாரு, இங்க ட்ராலி இழுக்கறதுலேர்ந்து பங்கர்ல (மணல் குழி) ரேக் போடறது, கிரீன்ல (ஹோலைச் சுத்தி இருக்கிற வழவழப்பான புல்) பந்து விழுந்த குழியை சரி பண்றது வரைக்கும் எல்லாம் நீங்கதான்.

இப்ப முக்கியமான விஷயம், இங்க எல்லாமே மீட்டர் கணக்கு. 150னு போர்டு பாத்தா அது 164 யார்ட். சென்னைல 150 யார்டுக்கு 7 அயர்ன் எடுக்கறவர்னா இங்க 150 போர்டு கிட்ட இன்னும் தூரம் போற 5 அயர்னோ ஹைபிரிடோதான், காலைல குளிரா இருந்தா பந்து இன்னும் கம்மியாதான் பறக்கும். நம்ம ஊர் கோடைல காஞ்ச தரைல பந்து விழுந்து உருண்டு ஓடும் பாருங்க, அது இங்க கெடையாது, ஃபேர்வே ஈரமா இருந்தா விழுந்த எடத்துலயே உக்காந்துடும். அதனால ரொம்ப பின்னாடி இருக்கிற வெள்ளை டீ (மொத ஷாட் அடிக்கற இடம்) பக்கம் போகவே போகாதீங்க. மஞ்சள் டீ, தேவைப்பட்டா அதைவிட கிட்ட இருக்கிற நீலம். ஸ்லோப்பையும் (கோர்ஸ் எவ்ளோ கஷ்டம்னு சொல்ற நம்பர்) பாருங்க: நார்மல் கோர்ஸ்க்கு 113, சாம்பியன்ஷிப் கோர்ஸ்ல 135 வந்தா உங்க 20ஐ 135ஆல பெருக்கி 113ஆல வகுக்கணும், கிட்டத்தட்ட 24 வரும், அதோட கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (ஹேண்டிகேப் ஜீரோ ப்ளேயர் அங்க எடுக்கற ஸ்கோர்) பாருக்கும் உள்ள வித்தியாசத்தையும் கூட்டிக்கணும். அந்த எக்ஸ்ட்ரா ஷாட்லாம் உங்களுக்கு நியாயமா குடுத்ததுதான், பார் 4 ஹோல்ல குறுக்க தண்ணி இருந்தா அதுக்கு முன்னாடியே பந்தை நிறுத்தி அஞ்சு ஷாட்ல முடிங்க.

பழைய_ஜிம்கானா:
தம்பி, ரூல்ஸ் பக்கம் ரெண்டு விஷயம் சொல்றேன். நாம கிண்டில ஆடினப்போ பந்து ஹோலுக்கு கிட்ட இருந்தா “எடுத்துக்கோப்பா”ன்னு பந்தை எடுத்துடுவோம். அங்க எதிராளி வாயால சொல்ற வரைக்கும் பந்தைத் தொடாத. நீ போற அதே கோர்ஸ்ல, 2015 சோல்ஹைம் கப்ல, 17வது ஹோல்ல அமெரிக்க டீமோட அலிசன் லீ ஒரு சின்ன புட்டை (ஹோலுக்குள்ள உருட்டற ஷாட்), ஒன்றரை அடி கூட இருக்காது, அடிக்காமலே உள்ள போனதா எதிர் டீம் விட்டுக்குடுத்துட்டாங்கன்னு நெனச்சு பந்தை கையில எடுத்துட்டா. குடுக்கலைன்னு யூரோப் டீமோட சூசன் பெட்டர்சன் சொல்லிட்டாங்க, ஹோல் யூரோப்புக்கு, அப்புறம் மேட்ச்சும். ரூல்படி சரிதான், ஆனா அந்த கோவத்தோட போன அமெரிக்க டீம் 10-6னு பின்னாடி இருந்தும் ஒத்தைக்கு ஒத்தை ஆடற சிங்கிள்ஸ்ல அடிச்சு 14½-13½னு கப்பையே தூக்கிடுச்சு. அன்னிக்கு அந்தப் பொண்ணு அழுததைப் பாத்தப்போ எனக்கு மனசே சரியில்ல.

இன்னொண்ணு, குச்சி மேல பச்சை கலர் தொப்பி மாதிரி இருந்தா அது நோ ப்ளே ஸோன். செடி, பறவைன்னு பாதுகாக்கற எடம். பந்து கண்ணுக்குத் தெரிஞ்சா கூட உள்ள கால் வைக்கக் கூடாது, வெளிய பந்தை கீழ விட்டு (ட்ராப்) ஆடிட்டு போயிட்டே இரு. தேடறதுக்கும் மூணு நிமிஷம்தான், சந்தேகம் வந்தா அடிச்ச இடத்துலயே ப்ரொவிஷனல் (பந்து கிடைக்கலைன்னா ஆட இன்னொரு பந்து) அடிச்சுடு.

வேளச்சேரி_பொண்ணு:
யாரும் சொல்லாத ஒண்ணு நான் சொல்றேன், உண்ணி. ஃபேர்வேக்கு வெளிய ரஃப்ல புல்லு முழங்கால் உசரத்துக்கு இருக்கும், பாடன்-வூர்ட்டம்பர்க் பக்கம் உண்ணிக் கடியில மூளைக்காய்ச்சல் வர வாய்ப்புள்ள ஏரியான்னு அவங்க கவர்மென்ட்டே சொல்லியிருக்கு. ஷார்ட்ஸ் போட்டா கூட உசரமான சாக்ஸ் போடுங்க, ரூமுக்கு வந்ததும் முழங்கால் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்க, எள்ளு சைஸ்லதான் இருக்கும். தடுப்பூசி வேணுமான்னு டாக்டர்கிட்ட இங்கயே கேட்டுட்டு போங்க. இடி சத்தம் கேட்டாலோ, நீளமா ஒரு சைரன் அடிச்சாலோ ஆட்டத்தை அப்படியே நிறுத்திட்டு ஷெல்டருக்கு போயிடணும், இந்த ஷாட் மட்டும்னு நிக்காதீங்க.

2020ல பெண்கள் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயிச்சு, மேஜர் (கோல்ஃப்ல ரொம்ப பெரிய போட்டி) ஜெயிச்ச மொத ஜெர்மன் பொண்ணான சோஃபியா போபோவ் இந்த கிளப் ப்ளேயர்தான். அப்ப அவங்க ரேங்க் 304! ப்ராக்டிஸ் ரேஞ்ச்ல பந்து அடிக்கும்போது இதை நெனச்சுக்கோங்க.

நந்தனம்_பார்3:
ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, சார், சிஸ்டர். மெயில் இன்னிக்கே போடறேன். ரெண்டு கோர்ஸ் இருக்குன்னு சைட்ல பாத்தேன், ஒண்ணுதான் ஆட முடியும்னா எது?

மான்ஹைம்ல_அடையார்காரன்:
சோல்ஹைம் கப் நடந்தது சாங்க்ட் லியோன்ல, டைகர் ஜெயிச்சது ரோட்ல. 2002ல காலின் மான்ட்கோமரியோட சமமாகி ப்ளேஆஃப் போய் ஜெயிச்சாரே, அதுவும் ரோட்தான். நீங்க டைகருக்காக போறீங்கன்னா ரோட் கேளுங்க. டைம் கன்ஃபர்ம் ஆனதும் இங்க போடுங்க, நானும் காலியா இருந்தா வந்து சேந்துக்கறேன்.