வாத்தெல்லாம் கிளம்பிடுச்சு, இனி நவம்பர் வரைக்கும் பாக்க என்ன இருக்கு?

மேடவாக்கம்வாசி:
வணக்கம். டிசம்பர்ல இருந்து ஞாயித்துக்கிழமை காலைல பொண்ண கூட்டிட்டு பெரும்பாக்கம் ஏரிக்கு போயிட்டிருக்கேன், ரெண்டாங்கிளாஸ் படிக்கறா, ஊசிவால் வாத்து தட்டைவாயன்னு பேரெல்லாம் கடகடன்னு சொல்றா. இப்போ மார்ச் கடைசி, வாத்து குறைஞ்சுபோச்சு, அவளுக்கு மூஞ்சே சரியில்ல. வெயில் காலத்துல பக்கத்துலயே பாக்கற மாதிரி என்ன இருக்கும்? பைனாகுலர் எது வாங்கலாம்?

பனங்காடை:
சார், ஏரிய விட்டுடாதீங்க, இனிமேதான் விஷயமே இருக்கு. தண்ணி வத்த வத்த மீனெல்லாம் கொஞ்ச இடத்துல மாட்டிக்கும், கூழைக்கடா, சங்குவளை நாரை, கொக்குன்னு எல்லாம் அங்கயே வந்து மொய்க்கும். அப்புறம் ஆள்காட்டிக் குருவிய கவனிங்க. வெட்டவெளில கூழாங்கல்லுக்கு நடுவுல நாலு முட்டை வைக்கும், முட்டையும் கல்லு மாதிரியே இருக்கறதால கண்ணுக்கே தெரியாது, மத்தியான வெயில்ல தண்ணில போய் வயித்து இறக நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காரும், சூடு தாங்கணும்ல அதுக்காக. எனக்கு இதுக்கு ஈடா எந்த வலசைப் பறவையும் இல்ல. தூரத்துல இருந்தே பாருங்க, அது கத்திக்கிட்டே உங்க தலைக்கு மேல சுத்துச்சுன்னா கூடு பக்கத்துல இருக்குன்னு அர்த்தம், உடனே பின்னால வந்துடுங்க.

வேப்பமரத்தடி:
தம்பி, வீட்டு வாசல்லயே நிறைய இருக்கு. குயில் இப்போ கூவ ஆரம்பிச்சிருக்கும், கூவறது கருப்பா இருக்கற ஆண், பொட்டை உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும். மே ஜூன்ல காக்கா பின்னாடியே ஒரு குயில் குஞ்சு வாயத் தொறந்துட்டு சோறு கேக்கும், காக்காவும் ஊட்டும், பாப்பாவுக்கு அத கட்டாயம் காட்டுங்க. மழை விழ ஆரம்பிச்சா பனைமரத்துல தூக்கணாங்குருவி கூடு பாருங்க, ஆண் பாதி கூடு கட்டிட்டு தொங்கிக்கிட்டே சிறகடிச்சு கூப்பிடும், பொட்டை உள்ள வந்து பாத்து புடிச்சாதான் மீதிய கட்டும். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்துப் பக்கம் கிளம்பற நேரம் இது, இன்னும் கொஞ்ச நாள் காலைலயும் சாயந்தரமும் காது குடுத்து கேளுங்க, செப்டம்பர் அக்டோபர்ல திரும்பி வந்துடும். தட்டானயும் மறந்துடாதீங்க, அக்டோபர்ல கூட்டமா பறக்கறதுல ஒரு வகை மாலத்தீவு வழியா கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க.

மதுராந்தகத்தான்:
அண்ணே, இந்த வாரமே வேடந்தாங்கல் போயிட்டு வந்துடுங்க. கடம்ப மரத்துல இருக்கற குஞ்சுங்க இப்போ நல்லா வளந்து பறக்கப் பழகுற நேரம். எங்க பக்கத்து ஜனங்க 1798லயே கலெக்டர்கிட்ட உத்தரவு வாங்கி பறவைங்கள காப்பாத்தினவங்க. எச்சம் விழுந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம், அதான் அங்க சம்சாரி யாரும் பறவைய விரட்டமாட்டாங்க.

மேடவாக்கம்வாசி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இந்த சனிக்கிழமையே வேடந்தாங்கல். பைனாகுலர் மட்டும் யாராவது சொல்லுங்க.

பனங்காடை:
8×42 போதும் சார், அதாவது 8 மடங்கு பெருசா காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. அகலம். 10 மடங்கு எடுத்தா கை நடுக்கத்துல படம் ஆடும். ஆனா குழந்தை கைக்கு 42ம் கனமாதான் இருக்கும், அவளுக்குன்னா 8×32 பாருங்க.