சளி நெகட்டிவ், எக்ஸ்ரேயில் நிழல்: காசநோய் இல்லையா?

மூதூர்வாசி: வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல், ஆனால் சளிப் பரிசோதனை நெகட்டிவ். இத்தோடு விடலாமா? அடுத்த சளியைத் திருகோணமலைக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஆய்வுகூடம்: விடவே வேண்டாம். நுணுக்குக்காட்டியில் தெரிய, ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனை அதைவிடக் குறைவாக இருந்தாலும் பிடிக்கும். முக்கிய காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு உண்டா என்பதையும் இரண்டு மணித்தியாலத்தில் சொல்லும்.

பெரும்பாலும் பிழை நேர்வது சளி எடுப்பதில்தான். எச்சில் வேண்டாம். காலையில் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, திறந்த வெளியில் இருமி 3–5 மில்லிலீற்றர் எடுங்கள். மூடியை இறுக்கி, வெயில் படாமல் அன்றைக்கே கொடுங்கள்.

உப்புவெளி: பழைய தழும்பும் நிழலாகத் தெரியும். முந்தைய எக்ஸ்ரே இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கோ. முன்பு காசநோய்க்கு மருந்து எடுத்தவரென்றால் சொல்லுங்கோ, செத்த கிருமியும் ஜீன்எக்ஸ்பேர்ட்டில் பொசிட்டிவ் காட்டலாம்.