அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கு கேமரா வைத்த காலிங் பெல்: எதை வாங்குவது?

அழகாபுரத்துப் பையன்:

சேலம் அழகாபுரத்தில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 76. நான் பெங்களூரில். தனி வீடு, கேட்டிலிருந்து வாசற்கதவு 18 அடி. மேற்குப் பார்த்த கேட் தூணில் சாதாரண காலிங் பெல் சுவிட்ச். ஃபைபர் நெட்டும் இன்வெர்ட்டரும் உண்டு. ரவுட்டர் ஹாலைத் தாண்டி பூஜையறை ஓரத்தில் இருக்கிறது. அம்மாவிடம் பட்டன் போன்தான். இனிமேல் ஸ்மார்ட்போன் பழகு என்று அவரைப் படுத்த மனசில்லை.

பெல் அடித்தால் யார் என்று பார்க்காமலே போய்க் கேட்டைத் திறந்துவிடுகிறார். அதுதான் பயம். பேட்டரியில் ஓடும் வைஃபை டோர்பெல் போதுமா? அமெரிக்காவில் இருக்கும் தம்பி அங்கிருந்தே ஒன்று வாங்கி வரவா என்கிறான்.

சூரமங்கலம் வயரிங்:

முதல்ல தம்பியை வாங்க வேண்டாம்னு சொல்லுங்க. அங்கே ஒயரில் ஓடுற டோர்பெல்லுக்குப் பொதுவா 16லிருந்து 24 வோல்ட் ஏ.சி. வேணும். அதைக் குடுக்குற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அந்த ஊர் வீடுகள்ல ஏற்கெனவே மாட்டியிருக்கும். நம்ம கேட் தூணுக்கு வர்றது நேரா 230 வோல்ட். பழைய சுவிட்சைக் கழற்றி அதே ரெண்டு ஒயர்ல மாட்டினா அந்த நிமிஷமே கருகிடும். டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து வாங்கிட்டு வந்தாலும் அது 120 வோல்ட்டுக்குச் செஞ்சது, இங்கே உதவாது.

அடுத்தது, அம்மாகிட்ட பட்டன் போன்னு சொல்லிட்டீங்க. வைஃபை டோர்பெல் வாங்கினா முகம் தெரியறது பெங்களூர்ல உங்களுக்கு. கேட்டைத் திறக்கப் போறது சேலத்துல அம்மா. நீங்க வேலையா இருக்குற நேரத்துல அவங்களுக்கு அது வெறும் பெல்தான். அவங்களுக்கு வேண்டியது வீடியோ டோர் போன். கேட்ல கேமராவும் பட்டனும் உள்ள ஒரு யூனிட், ஹாலுக்குள்ள 7 இஞ்ச் திரை. யாராவது அமுக்கினா மணி அடிக்கும், திரை தானா எரியும், முகம் தெரியும். பேசணும்னா ஒரே ஒரு பட்டன். நெட் போனாலும் வேலை செய்யும். வைஃபை உள்ள மாடலா வாங்கினா அதே அழைப்பு உங்க போனுக்கும் வரும்.

ஒயரிங் பெரிய வேலை இல்லை. உங்க வீட்ல கேட்டுக்கு ஏற்கெனவே பெல் பைப் போயிருக்கு. மெயின் போர்டுல அந்த லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கிட்டு, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு, பழைய 230 வோல்ட் ஒயரை ரெண்டு பக்கமும் கழற்றணும். புது 4 கோர் கேபிள் (உள்ளே நாலு தனித்தனி ஒயர் இருக்கறது) முனையைப் பழைய ஒயரோட முறுக்கி, டேப் சுத்தி, ஒருத்தர் அந்தப் பக்கம் இழுக்க இன்னொருத்தர் இந்தப் பக்கம் தள்ளினா வந்துடும். அந்த 4 கோர்ல ஒண்ணு 12 வோல்ட், ஒண்ணு கிரவுண்ட், ஒண்ணு படம், ஒண்ணு சத்தம். கேட் யூனிட்டுக்குத் தனியா கரண்ட் வேண்டாம், திரையிலிருந்தே போயிடும்.

இதுல பலர் செய்யற தப்பு, பழைய 230 வோல்ட் ஒயரை உள்ளேயே விட்டுட்டு அதோட சேர்த்து 4 கோரை இழுக்கறது. ஆபத்துங்கறது ஒருபக்கம். படத்துல கோடு கோடா ஓடும், ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’னு இரைச்சல் வரும். மெஷினைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவாங்க, அது பைப் பிரச்சினையா இருக்கும்.

18 அடிதானேன்னு 18 அடி கேபிள் வாங்காதீங்க. தரைக்கு இறங்கி, சுவர் ஏறி, திரை வரைக்கும் போக 40 அடி ஆகிடும். 15 மீட்டர் வாங்குங்க, நடுவுல ஒட்டுப் போடாதீங்க. மண்ணுக்குள்ள ஒட்டுப் போட்டா முதல் மழையிலேயே பச்சை பிடிச்சு, படம் மங்க ஆரம்பிக்கும்.

கேட் யூனிட்டைத் தரையிலிருந்து நாலரை அடியில வையுங்க. மேலே சின்ன மழைத் தகடு கட்டாயம். திரையை ஹால்ல அழகா இருக்கற இடத்துல மாட்டாதீங்க, அம்மா வழக்கமா உட்கார்ற நாற்காலியிலிருந்து நாலு எட்டு வைக்கிற தூரத்துக்குள்ள மாட்டுங்க. எழுந்து போய்ப் பார்க்கிற தூரம் அதிகமானா, நேரா கேட்டுக்கே போயிடுவாங்க.

அஸ்தம்பட்டி நெட்:

மேலே சொன்னதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். வைஃபை பக்கம் மட்டும் சேர்க்கிறேன்.

பேட்டரி டோர்பெல் கேட் தூணில் இருந்தால், பூஜையறை ஓரத்து ரவுட்டரிலிருந்து சிக்னல் இரண்டு மூன்று சுவர்களையும் இரும்புக் கேட்டையும் தாண்டி வர வேண்டும். வைஃபை திரை உள்ள டோர் போனில் இந்தத் தொல்லையே இல்லை. கேட்டுக்கு ஒயர் போகிறது, ஹாலில் இருக்கும் திரைக்கு மட்டும் வைஃபை எட்டினால் போதும்.

வைஃபையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு; இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால், இணைக்கும்போது “கருவி கிடைக்கவில்லை” என்று திரும்பத் திரும்ப வரும். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனிப் பெயர் வையுங்கள், போனையும் 2.4இல் போட்டுவிட்டு இணையுங்கள். பின்னாளில் ரவுட்டரை மாற்ற நேர்ந்தால் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புதியதில் வையுங்கள். இல்லையென்றால் திரும்ப இணைக்க நீங்கள் பெங்களூரிலிருந்து வர வேண்டியிருக்கும்.

ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் பெட்டி தனியாக, ரவுட்டர் தனியாக இருந்தால் இரண்டுமே அந்த லைனில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இன்வெர்ட்டரில் இருந்து பயனில்லை.

கணக்கு விஷயத்தில் கறாராக இருங்கள். மாட்ட வருபவர் “சீக்கிரம் முடியும்” என்று தன் போன் நம்பரிலேயே ஆப் கணக்கைத் திறந்து, பிறகு உங்களுக்குப் பகிர்வார். அப்படிச் செய்தால் அந்த வீட்டுக் கேமராவின் உரிமையாளர் அவர்தான். உங்கள் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டு, தம்பிக்கு நீங்களே பகிருங்கள்.

ஒண்டிக்கடை ஏற்காடு:

மேற்கு வாசல் என்பதைக் கவனிக்க வேண்டும். சாயங்காலம் நாலரைக்கு மேல் வெயில் நேராக லென்ஸுக்குள் விழும், வந்தவர் முகம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பெட்டியில் டபிள்யு.டி.ஆர். (எதிர்வெளிச்சத்திலும் முகத்தைத் தெளிவாகக் காட்டும் வசதி) என்று போட்ட மாடலை எடுங்கள். அதோடு யூனிட்டைத் தூணின் தெருப்பக்க முகத்தில் வைக்காமல், பக்கவாட்டு முகத்தில் தெற்கோ வடக்கோ பார்க்கத் திருப்பி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். எதிர்வீட்டு வாசலும் படத்தில் விழாது, அவர்களுக்கும் மனக்கஷ்டம் இருக்காது.

பேட்டரி டோர்பெல்லுக்குச் சேலத்து வெயில் இரண்டு விதத்தில் எதிரி. அதன் சென்சார் ஆள் வருவதை உடம்புச் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அறிகிறது. ஏப்ரல், மே மாதத்தில் சுவரும் தெருவும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் எதிரே ஆள் நின்றாலும் தெரியாமல் போகும். இரண்டாவது, லித்தியம் பேட்டரி அதிகச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். மேற்கு வெயில் விழும் தூணில் கறுப்புப் பெட்டி அப்படிச் சூடாகிவிடும். தெரு நடமாட்டம் அதிகமென்றால் பெட்டியில் போட்ட மாதக்கணக்கெல்லாம் சில வாரங்களாகச் சுருங்கும். அப்போது அதைக் கழற்றிச் சார்ஜ் போடுவது யார்? 76 வயதில் ஸ்டூல் போட்டு ஏறக் கூடாது.

இங்கே மலையில் பேட்டரி வகைதான் நல்லது. கோடை மழை இடியோடு வரும்; வெட்டவெளியில் நீளமாகப் போகும் செம்பு ஒயர் வழியாகத் திரையும் சேர்ந்து போய்விடும். மூடுபனியில் இருட்டில் படமெடுக்கக் கேமரா விடும், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். இன்ஃப்ரா ரெட்டை அணைத்துவிட்டு, மூன்றடி தள்ளி மேலே ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் முகம் தெரியும். சேலத்திலும் கேட் பல்பு இருப்பது நல்லது.

யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கோன் பசை அடிக்கும்போது மேல்பக்கத்திலும் இடது வலது பக்கங்களிலும் மட்டும் அடியுங்கள், கீழே திறந்து விடுங்கள். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் லென்ஸ் உள்பக்கம் வியர்க்கும். கேபிள் நுழையும் பைப் வாயை மட்டும் முழுசாக அடையுங்கள். எறும்பு அதன் வழியாகத்தான் ஏறி உள்ளே கூடு வைக்கும்.

அழகாபுரத்துப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. டோர் போன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அப்புறம், உள்ளிருந்தே கேட்டைத் திறக்கும் எலெக்ட்ரிக் பூட்டும் போடலாமா?

சூரமங்கலம் வயரிங்:

வயசானா முதல்ல குறையறது கீச்சுச் சத்தம் கேட்கும் திறன். குருவிச் சத்தம், மெல்லிசான பாட்டு எல்லாம் வேண்டாம். ‘டிங்-டாங்’னு கனமா அடிக்கிறதா தேர்ந்தெடுங்க. சத்தத்தைக் கூட்டறதை விட இதுதான் பலன் தரும். சமையலறையில மிக்ஸி ஓடும்போதும் கேட்குதான்னு ஒருதடவை அடிச்சுப் பாருங்க. நிறைய மாடல்ல ரெண்டாவது திரை சேர்க்கலாம். படுக்கையறைக்கு ஒண்ணு போட்டா மத்தியானத் தூக்கத்துக்கும் கவலையில்லை.

பழைய பெல்லைத் தூக்கிப் போடாதீங்க. அதோட சுவிட்சை வாசற்கதவுப் பக்கம் மாத்திடுங்க. பால்காரர், பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டைத் தாண்டி வந்தா அடிக்க ஒண்ணு வேணும்.

பூட்டு இப்போ வேண்டாம்னு சொல்வேன். பேசற பட்டனும் திறக்கிற பட்டனும் திரையில பக்கத்துப் பக்கத்துல இருக்கும். பேசலாம்னு நினைச்சுத் திறந்துடுவாங்க. வாசல்ல கிரில் கதவு இருந்து, அது எப்பவும் பூட்டியே இருக்கும்னா யோசிக்கலாம். 4 கோர் போதாது, பூட்டுக்கு இன்னும் 2 கோர் வேணும். அதனால இப்பவே 6 கோரா இழுத்துட்டீங்கன்னா பின்னாடி பைப்பைத் தொட வேண்டியிருக்காது.

மாட்டி முடிச்சதும் கிளம்பிடாதீங்க. நீங்க கேட்ல நின்னு பெல்லை அடிங்க, அம்மா திரையைப் பார்த்து நீங்க போட்டிருக்கற சட்டை என்ன நிறம்னு சொல்லட்டும். பகல்ல ஒருதடவை, சாயங்காலம் 5 மணிக்கு ஒருதடவை, இருட்டின பிறகு ஒருதடவை. இருட்டுல இன்ஃப்ரா ரெட்ல கறுப்பு வெள்ளையாத்தான் வரும், அப்போ நிறத்துக்குப் பதிலா கையில எத்தனை விரல் காட்டறீங்கன்னு கேளுங்க.