மறு: ‘திராட்லிங்’ என்பதற்கு ‘மதகிடல்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘திராட்லிங்’ (throttling), அதாவது ஒரு கணக்கிலிருந்து போகும் அஞ்சல்களை மறுக்காமல் அளவாக விடுவது, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று மூன்று நாள்களாக ஓடும் இந்த இழையின் மடல்களை நேற்றிரவு முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். ‘வீத வரம்பு’, ‘வேகத்தடை’, ‘நெரிப்பு’, ‘கட்டுப்படுத்தல்’ என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: மதகிடல். வினை வடிவம் மதகிடு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் இலவச மின்னஞ்சல் சேவையைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள், நெசவாளர் வீட்டார், தோல் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் என்று 600 கணக்குகள் வரை இருக்கின்றன. பெரிய சேவைகள் கணக்கு தொடங்கக் கைபேசி எண் கேட்கின்றன. இவர்களில் பலருக்கு வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அதனால்தான் எண் கேட்காத ஒரு சேவையைத் தொடங்கினோம். இடைமுகம் முழுவதும் தமிழ்.

எண் கேட்காத வாசலில் எல்லோரும் நுழைவார்கள். சென்ற ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மூன்று புதிய கணக்குகள் தொடங்கப்பட்டன. விடிவதற்குள் அந்த மூன்றிலிருந்தும் 9,000 எரிதங்கள் (ஸ்பேம், யாரும் கேட்காத குப்பை அஞ்சல்கள்) வெளியே போயிருந்தன. காலையில் பார்த்தால் எங்கள் வழங்கியின் (சர்வரின்) முகவரி, எரிதம் அனுப்பும் வழங்கிகளின் தடைப்பட்டியலில் ஏறியிருந்தது. அஞ்சலை வாங்கிக்கொள்ளும் வழங்கிக்கு உள்ளே இருக்கும் 600 பேரின் முகம் தெரியாது, எங்கள் வழங்கியின் எண் ஒன்றுதான் தெரியும். மூன்று கணக்குகள் செய்த கேட்டுக்கு 600 பேரும் வெளியே நின்றார்கள். கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ்களை அனுப்பிய ஒரு பையனின் அஞ்சல் திரும்பிவந்தது. கடைசி நாள் அன்றுதான்.

அந்தப் பதற்றத்தில் ஒரு விதியைப் போட்டோம்: ஒரு மணி நேரத்தில் 30 அஞ்சல்களுக்கு மேல் அனுப்பினால் கணக்கு நின்றுவிடும். அப்போது திரையில் வரும் அறிவிப்பை நான்தான் எழுதினேன். “முறைகேடான பயன்பாடு காரணமாக உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.”

இரண்டு வாரம் கழித்து, குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். கையில் ஒரு தாள், நாலாக மடித்தது. பிரவுசிங் சென்டரில் அந்த அறிவிப்பை அப்படியே அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ‘முறைகேடான’ என்ற சொல்லுக்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டிருந்தன. அவர்கள் வீட்டில் லுங்கி நெசவு. அந்தப் பெண் லுங்கி மாதிரிகளைப் படம் எடுத்து, விலைப்பட்டியலோடு 42 கடைக்காரர்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பியிருக்கிறாள். கணக்கு தொடங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. “என் பெண் என்ன தவறு செய்தாள் என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா” என்றார் அவர். அவள் தலையைக் குனிந்தபடி நின்றாள். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு என் வாக்கியத்தில் இருந்தது.

நமக்கு வேண்டியது ‘அனுமதி’, ‘தடை’ ஆகிய இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொல் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. சேவையை நடத்துபவர்களைப் பயனர் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது அந்த ஒற்றை வரியை.

கணினிகளுக்கு இந்த நடுநிலை புதிதல்ல. 1982-இல் இணைய முன்னோடி ஜான் போஸ்டல் எழுதிய அஞ்சல் நெறிமுறையிலேயே அது இருக்கிறது. ஒரு வழங்கி இன்னொன்றுக்குத் தரும் பதில் எண் 4-இல் தொடங்கினால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று பொருள். 5-இல் தொடங்கினால் ‘வராதே’ என்று பொருள். 4 என்ற பதிலைப் பெற்ற ஒழுங்கான வழங்கி அஞ்சலை வரிசையில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரமாவது பொறுத்து மறுபடி முயலும். நான்கைந்து நாள்கள் வரை விடாது. இந்த 4-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாடு நம் தமிழ் அறிவிப்புகளில் காணாமல் போகிறது. இரண்டையும் ‘தடுக்கப்பட்டது’ என்றே எழுதுகிறோம். திராட்லிங் என்பது 4-இன் குடும்பம். அஞ்சல் மறுக்கப்படவில்லை, அளவாக விடப்படுகிறது.

இனி மதகு. அம்மாவின் ஊர் நெமிலிப் பக்கம். ஏரி மதகைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு கல் தூண்கள், குறுக்கே ஒரு கல், அதன் துளை வழியே தண்ணீருக்குள் இறங்கும் இரும்புத் தண்டு. மேலே கைப்பிடியைத் திருகத் திருகக் கீழே பலகை எழும்பும். பலகை ஓரத்துக் கசிவை அடைக்க வைக்கோலும் களிமண்ணும். தை மாதத்தில் முதல் முறை திறக்கும்போது நான்கு விரற்கடைக்கு மேல் தூக்கமாட்டார்கள். தண்ணீர் கடைசி வயல் வரை போய்ச் சேர்ந்ததா, வாய்க்கால் கரை தாங்கியதா என்று ஒருவர் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் வந்து தலையசைத்த பிறகுதான் இன்னும் இரண்டு திருகு. ஒரே வீச்சில் திறந்துவிட்டால் முதல் வயலின் நாற்று அடித்துக்கொண்டு போகும், கடைசி வயலுக்கு ஒன்றும் மிஞ்சாது.

புதிய கணக்குக்கு நாங்கள் இப்போது செய்வதும் இதுதான். முதல் வாரம் மணிக்கு 20 அஞ்சல்கள். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அளவு கூடும். ‘ஒழுங்காக’ என்பதற்குக் கணக்கு உண்டு. அந்தப் பெண்ணின் 42 முகவரிகளில் திரும்பிவந்தது ஒன்றே ஒன்று. அந்த மூன்று எரிதக் கணக்குகளின் பட்டியலிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லாத முகவரிகள். விலைக்கு வாங்கிய பட்டியல் அப்படித்தான் இருக்கும். எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட எத்தனை திரும்பின, எத்தனை பேர் ‘எரிதம்’ என்று புகார் செய்தார்கள் என்று பார்ப்பதுதான் வாய்க்கால் கரையைப் பார்ப்பது. புகார் விஷயத்தில் பெரிய சேவைகளே கறாராகிவிட்டன. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்களின் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரத்துக்கு மூன்று.

பழைய கணக்குகளும் மதகுக்கு வெளியே இல்லை. கடவுச்சொல் களவு போனால் மூன்று ஆண்டு நல்ல பெயரெடுத்த கணக்கிலிருந்தும் இரவோடு இரவாக எரிதம் பாயும். வழக்கமாக நாளுக்கு இரண்டு அஞ்சல் அனுப்புபவர் திடீரென்று முன்பின் எழுதாத 200 பேருக்கு எழுதினால், பலகை தானே இறங்க வேண்டும். படம் பார்த்து எழுத்தை உள்ளிடும் சோதனையை மட்டும் நம்ப முடியாது, அதைக் கூலிக்குச் செய்துதர ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த நுட்பத்தின் கணக்கு முறைகளில் ஒன்றுக்கு நிரலாளர்கள் வைத்த பெயரே ‘ஓட்டை வாளி’. மேலே எவ்வளவு ஊற்றினாலும் அடியில் ஒரே சீராகச் சொட்டும் வாளி. நீரை வைத்துத்தான் அவர்களும் யோசித்திருக்கிறார்கள். ஏரிகளால் வாழ்ந்த வடாற்காட்டுக்காரர்கள் நமக்கு வாளியைவிடப் பொருத்தமான கருவி கையிலேயே இருக்கிறது.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

> ‘வீத வரம்பு’ ஏற்கெனவே புழங்குகிறது. புதுச்சொல் எதற்கு?

ராணிப்பேட்டை அக்கா, ஆவணங்களில் அது இருக்கட்டும். ஆனால் ‘வீதம்’ என்றதும் படிப்பவர் வட்டிக்கும் சதவீதத்துக்கும் போய்விடுகிறார். மேலும் அது எண்ணைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. ‘உங்கள் கணக்கு வீத வரம்பிடப்பட்டுள்ளது’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நொண்டுகிறது. ‘மதகிடப்பட்டுள்ளது’ நேராக நடக்கிறது. பதிவிடு, பட்டியலிடு, வேலியிடு என்று இந்த வார்ப்பில் பிறந்த சொற்கள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன.

> தூம்பு என்பதல்லவா பழஞ்சொல்? கல்வெட்டுகளில் அதுதானே வருகிறது?

உண்மைதான் அய்யா. மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலின் கல்வெட்டு, அது மகேந்திர தடாகத்தின் கரையில் எழுந்தது என்கிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே ஏரியும் அதன் நீர்வழிகளும் நம் பக்கத்தில் இருந்தன. தூம்பு அந்தக் காலத்துக்கு உரிய சொல். ஆனால் இன்று அதைக் கேட்பவர் குழாயை நினைப்பார், அல்லது ஒன்றையும் நினைக்கமாட்டார். புணர்ச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மதகு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். விறகு, வரகு போல. அதனால் பின்னால் உயிர் வரும்போது ஈற்று உகரம் கெடும்: மதகு + இடு = மதகிடு. வாணியம்பாடி வகுப்பறையில் நீங்கள் பாடம் எடுத்த மாணவனாகவே இதை எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்.

> நகரத்துப் பிள்ளைகளுக்கு மதகு தெரியுமா அண்ணா?

தெரியும் தம்பி. ஒவ்வொரு மழைக்காலத்திலும் செம்பரம்பாக்கம் மதகு திறப்பு தலைப்புச் செய்தி. மேட்டூரின் 16 கண் மதகைப் படத்திலாவது பார்க்காதவர் குறைவு. அவர்கள் அந்தக் கைப்பிடியைத் திருகியிருக்க வேண்டியதில்லை. மதகு என்றால் அளவாகத் தண்ணீர் விடும் கதவு என்று தெரிந்திருந்தால் போதும்.

‘நெரிப்பு’ வேண்டவே வேண்டாம். ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு குரல்வளை இருக்கிறது என்பதற்காக, குடியாத்தத்துப் பெண்ணின் திரையில் ‘நெரிக்கப்பட்டது’ என்று காட்ட என்னால் முடியாது.

கடைசியாக, யாழ்ப்பாணத்து நண்பரின் மடல். இழையிலேயே வலுவான மறுப்பு அவருடையதுதான். அங்கே மதகு என்றால் சாலைக்கு அடியில் நீர் போகும் சிறு பாலம், மாலையில் இளைஞர்கள் உட்கார்ந்து பேசும் இடம். அதற்குக் கதவு இல்லை, திருகு இல்லை. குளத்திலிருந்து நீர் விடும் வாய்க்கு அவர்கள் சொல் துரிசு, மிகுநீரை விடுவது வான்கதவு. ஆக நான் சொல்லும் படம் அங்கே போய்ச் சேராது. இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. இங்கே கணினி, அங்கே கணனி என்று இரண்டும் வாழ்வது போல, இலங்கைக்கான மொழிக்கோப்பில் வேறு சொல் இருக்கலாம் என்று நினைக்கிறேன். ‘துரிசிடல்’ அங்குள்ளவர் காதுக்கு இயல்பாக ஒலிக்குமா, அல்லது செயற்கையாகத் தோன்றுமா? நண்பர் தம் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சரங்களை, அதாவது திரையில் வரும் வாக்கியங்களை, இப்படி மாற்றி வைத்திருக்கிறேன். பழைய ‘முடக்கப்பட்டுள்ளது’ வந்த இடத்தில்:

“இன்று நிறைய அஞ்சல்கள் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கு மதகிடப்பட்டுள்ளது: மணிக்கு 20 அஞ்சல்கள் போகும். மீதி வரிசையில் பத்திரமாக இருக்கின்றன, நீங்கள் மறுபடி அனுப்ப வேண்டியதில்லை.”

அளவைக் குறிக்க ‘மதகளவு’. அமைப்புகள் பக்கத்தில் “உங்கள் மதகளவு: மணிக்கு 20” என்று வரும். அளவு கூடும்போது “உங்கள் மதகு இன்னும் திறக்கப்பட்டது: மணிக்கு 60.” உண்மையான எரிதக் கணக்குகளுக்கு மட்டும் ‘முடக்கம்’ இருக்கும், அதுவும் எங்களில் ஒருவர் கண்ணால் பார்த்த பிறகு.



மேலே உள்ள மூன்று சரங்களில் சந்திப்பிழையோ பொருள் மயக்கமோ கண்டால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். திங்கள் காலை வழங்கியில் ஏற்ற வேண்டும். ‘பத்திரமாக’ என்ற சொல்லை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து